நெயில் பாலிஷ் பூசிய மீட்டர்

எங்கள் காரில் மீட்டர் முள்கள் எல்லாம் செத்துப் பல வருடம் ஆகியிருந்தன. வேகம் காட்டும் முள் நாற்பதில் நின்றுவிட்டது. கார் ஓடினாலும் நாற்பதுதான், வேப்பமரத்தடியில் நின்றாலும் நாற்பதுதான். டீசல் முள் கீழே படுத்திருந்தது. டீசல் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய டேங்குக்குள் ஒரு குச்சியை விட்டுப் பார்ப்போம். இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் இருந்த இடத்தில் துருவால் ஆன ஒரு கோடு மட்டும் மிச்சம். மரக்காணத்தில் இதற்கெல்லாம் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், சாமி படம் மாட்டிய ஆணி, எதையும் அது விடாது. தினமும் உப்பளத்துக்குள் போய்வரும் வண்டி என்றால் சொல்லவே வேண்டாம்.

அந்தக் காரை ஓட்டுவது என் மனைவி. எனக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் எதிரில் பஸ் வந்தால் நான் ஓரம் கட்டி நின்றுவிடுவேன். அவள் நிற்கமாட்டாள். மகளிர் குழுவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறோம் என்று ஆள் கேட்டபோது எங்கள் தெருவில் முதலில் கை தூக்கியவள் அவள்தான். அதற்கு முன் அவளும் உப்பளத்தில்தான் இருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து உப்பு வாரினாள், சுமந்தாள். பாதத்தில் வெடிப்பு வந்து, அந்த வெடிப்புக்குள் உப்புத் தண்ணீர் இறங்கி, வெடிப்பு ஆறாமலே இருந்தது. வேலை முடிந்து வந்து நல்ல தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்துகொண்டு, பல்லைக் கடித்தபடி எதையாவது சிரித்துப் பேசுவாள். கார் வந்த பிறகுதான் அந்தப் பாதங்கள் மூடின. பின்பக்கம் எதிரெதிராக இரண்டு சீட் போட்ட பழைய டீசல் கார். காலையில் எங்கள் பக்கத்துப் பெண்களை உப்பளத்தில் கொண்டுபோய் விடுவாள், வெயில் ஏறியதும் திரும்ப அழைத்து வருவாள். நடுவில் ஆஸ்பத்திரி, சந்தை, கோயில்.

நான் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் இஞ்சின்களைப் பார்த்துக்கொள்பவன். படிப்பு ஐந்தாவது வரைதான். பேச்சு அதைவிடக் குறைவு. காரில் முன் சீட்டில் உட்கார்ந்து வரும் ஒரு அக்கா உண்டு. உப்பு மூட்டையையும் ஊர்க் கதையையும் ஒரே நேரத்தில் தூக்கக்கூடியவர். அவர் செத்துப்போன மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் என் மனைவியிடம் கேட்டார்.

"ஏம்மே, இந்த மீட்டர ஒங்க வீட்டுக்காரரு தம்பியா? ரெண்டும் வாயத் தொறக்க மாட்டேங்குது?"

பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அன்று நானும் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஓர் ஆவணி மாதத்து வெயிலில் கார் கொதித்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்ததோ இஞ்சின் சூடேறியதோ அவளுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? புகை வந்த பிறகுதான் நிறுத்தினாள். இஞ்சினின் மேல்பாகம் வளைந்துவிட்டது. அதைக் கழற்றி, மட்டமாகச் சீவி, திரும்ப மாட்டி முடிக்கப் பல நாள் ஆனது. டவுன் மெக்கானிக் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"இனிமே இதுல சீவறதுக்கு ஒண்ணும் இல்லக்கா. இன்னொரு தடவ கொதிச்சா இஞ்சின மறந்துடுங்க. கோழி வளக்கலாம் இதுல. அப்புறம், ரேடியேட்டர்ல ஒங்க ஊர் போர் தண்ணிய ஊத்தாதீங்க. கேன் தண்ணி ஊத்துங்க. உள்ள பூரா உப்பு."

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கியர் மாற்றுவதும் ஹாரன் அடிப்பதும் மட்டும்தான் கேட்டது. வேப்பமரத்தடியில் நிறுத்தியதும் செருப்பைக் கழற்றினாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சீட்டிலேயே உட்கார்ந்து, தன் பாதங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கார் போனால் அந்தக் கால்கள் திரும்ப உப்புப் பாத்திக்குள் இறங்க வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். நான் இஞ்சின் கொட்டகை வாசலில் உட்கார்ந்தால் உப்பளத்துச் சாலை முழுக்கத் தெரியும். காலை வேளையில் பாத்திகளில் தண்ணீர் அசையாமல் நிற்கும். மேலேயும் வானம், கீழேயும் வானம். நடுவில் கோடு போட்டதுபோல வரப்புகள். அந்த இரண்டு வானத்துக்கும் இடையில் எங்கள் வெள்ளைக் கார் சத்தமே இல்லாமல் மிதந்து வரும். பாதி வழியில் நிற்கும். கதவு திறக்கும். அவள் இறங்கி முன்னால் வந்து பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பாள். காய்ச்சல் வந்த குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல, முதலில் உள்ளங்கை, பிறகு புறங்கை. அப்படியே நிற்பாள். பிறகு ஏறிப்போவாள். திரும்பி வரும்போதும் அப்படித்தான். தூரத்திலிருந்து பார்க்க அது கனவில் நடப்பதுபோல் இருக்கும். ஆனால் இஞ்சின் பார்ப்பவன் நான். என் மனைவி சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை இறங்கியது. மழைக்காலத்தில் உப்பளம் என்று ஒன்று கிடையாது. வரப்பு, பாத்தி, வாய்க்கால் எல்லாம் மூழ்கி உப்பங்கழியோடு ஒன்றாகிவிடும். எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். கொக்குகளும் கூழைக்கடாக்களும் நாங்கள் உப்பு வாரிய இடத்தில் மீன் பிடிக்கும். அந்த மாதங்களில் நான் போனில் வீடியோ பார்ப்பேன். ஒரு மதியம், யாரோ ஒரு ஆள் தன் காருக்குத் தானே சின்னத் திரை மீட்டர் செய்வதைப் பார்த்தேன். அவர் பேசிய மொழி என்ன என்றே எனக்குத் தெரியாது. முகமும் காட்டவில்லை. இரண்டு கைகள் மட்டும். அந்தக் கைகள் வயரைச் சீவின, ஈயத்தை உருக்கி ஒட்டின, திரையில் எண்கள் வந்தன. மழை ஓட்டின் மேல் பெய்துகொண்டே இருந்தது. அந்தக் கைகளை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கு இல்லை. பேச்சு புரியாததால் கைகளை மட்டுமே கவனித்தேன். அதனால்தான் எனக்குப் புரிந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

கோட்டக்குப்பத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரை எனக்குத் தெரியும். என் வயதுதான். வளைகுடாவில் பல வருடம் ஏசி மெஷின்களுக்கு மின்சாரப் பேனல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். எங்கள் உப்பளத்து மோட்டாரின் பேனல் ஒருதடவை கெட்டபோது வந்து சரிசெய்திருக்கிறார். மழை விட்ட ஒருநாள் பஸ் ஏறி அவர் கடைக்குப் போனேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கடைக்கு எதிரே டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன். அவரே பார்த்துவிட்டார்.

"அண்ணே, அந்த டீக்கடைக்காரன் ஒங்கள வேலைக்கு வெச்சிக்கப் போறான். உள்ள வாங்க. இன்னா விஷயம்?"

போனை நீட்டினேன். பார்த்தார். கடைசி வரைக்கும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"யா அல்லா. கார் மீட்டரா? யாருக்கு?"

"வீட்ல ஓட்றாங்க."

"அப்போ அண்ணிக்கு. சரி, இன்னா இன்னா காட்டணும்?"

"சூடு. தண்ணி இருக்குதா இல்லையான்னு. அவ்ளோதான்."

"வேகம் வேணாமா?"

"அவங்க வேகம் எனக்குத் தெரியும்."

பாய் மேஜையைத் தட்டிச் சிரித்தார். நான் சொன்னதற்கு ஒருவர் அப்படிச் சிரித்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

பொருள்கள் புதுச்சேரியில் கிடைத்தன. உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு போர்டு. தீப்பெட்டி அகலத்தில் ஒரு கண்ணாடித் திரை. முனையில் எஃகுக் குப்பி மாட்டிய சூட்டு சென்சார். அதை ரேடியேட்டருக்குப் போகும் மேல் குழாயில் வைத்தேன். தண்ணீருக்கு நானே ஒன்று செய்தேன். பாட்டில் மூடி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் வட்டம், அதில் இரண்டு எஃகுக் கம்பிகள், ரேடியேட்டரின் மேல்பக்கத்திலிருந்து உள்ளே தொங்கும்படி. தண்ணீரில் இரண்டும் நனைந்தால் மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாண்டும், தண்ணீர் இருக்கிறது என்று போர்டுக்குத் தெரியும். தண்ணீர் இறங்கிவிட்டால் தாண்டாது. உப்பளத்துத் தொட்டியில் இதே மாதிரி ஒன்றை முன்பே போட்டிருக்கிறேன். அதனால் தைரியமாகச் செய்தேன்.

போர்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது பாயின் வேலை. அவர் லேப்டாப்பில் அடிப்பார், நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். திரையில் வரும் எழுத்துதான் பிரச்சினை. அதற்குத் தமிழ் தெரியாது.

"இங்கிலீஷ்ல போட்டுடலாமாண்ணே?"

வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"அப்போ ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியா நீங்கதான் வரைஞ்சி குடுக்கணும். படம் மாதிரி ஏத்திக்கலாம்."

கணக்கு எழுதும் கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். ஒரு கட்டம் ஒரு புள்ளி. எந்தக் கட்டத்தைக் கருப்பாக்குகிறேனோ அது திரையில் எரியும். மழை நாட்களின் மதியங்கள் அதிலேயே போயின. வாசலைத் தாண்டி எல்லாம் சாம்பல் நிறம். நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால், கட்டங்கள் பாத்திகள்போல் தெரியும். கருப்பு வைத்த கட்டம் தண்ணீர் விட்ட பாத்தி. வெறும் கட்டம் காயும் பாத்தி. சில நேரம் தூங்கியும் போவேன். விழித்துப் பார்த்தால் பென்சில் எங்கோ ஒரு கட்டத்துக்குள் நிற்கும். எந்த எழுத்தில் விட்டேன் என்று தேடுவேன்.

'தண்ணீர் உள்ளது' என்று முதலில் வரைந்தேன். பார்த்தால் பஞ்சாயத்து போர்டு மாதிரி இருந்தது. அழித்துவிட்டு 'தண்ணி இருக்கு' என்று வரைந்தேன். 'சூடு' என்று வரைந்தேன். சூடு எல்லை தாண்டினால், இல்லை தண்ணீர் குறைந்தால், சின்ன மணி அடித்து ஒரு வார்த்தை வர வேண்டும். 'நில்' சரியில்லை. 'நிறுத்தவும்' அதைவிட மோசம். மூன்று நாள் யோசித்து ஒன்றை வரைந்து எடுத்துப்போனேன். பாய் நோட்டை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் படித்தார்.

"'நில்லும்மா'வா?"

நான் எதிர்க்கடை டீ பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாஷா அல்லா. நான் அவ்ளோ வருஷம் வெளிநாட்ல பேனல் பண்ணேண்ணே. ஒரு பேனல்கூடப் பொண்டாட்டிய இப்படிக் கூப்புடல."

கடைசி வேலை, உப்புக் காற்றிலிருந்து இதைக் காப்பாற்றுவது. ஈயம் வைத்த இடம் எல்லாம் ஒரு மாதத்தில் பச்சை பூத்துவிடும். அதற்கு நெயில் பாலிஷ் பூசலாம் என்று வீடியோவில் அந்தக் கைகள் காட்டியிருந்தன. மரக்காணம் பஜாரில் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனேன். உள்ளே பெண்கள். அவர்கள் போகட்டும் என்று வெளியே நின்றேன். அவர்கள் போனதும் வேறு பெண்கள் வந்தார்கள். கடைசியில் கண்ணை மூடாத குறையாக உள்ளே போய், கண்ணில் பட்ட முதல் புட்டியைக் காட்டி வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். சட்டைப் பையிலேயே மறந்துவிட்டேன். மறுநாள் துணி துவைக்கும் இடத்திலிருந்து அவள் குரல் வந்தது.

"ஏங்க, இங்க வாங்க. இன்னாங்க இது?"

கையில் இரத்தச் சிவப்பில் புட்டி.

"யாருக்கு?"

"மீட்டருக்கு."

"எனக்குன்னு ஒரு பொய்யாவது சொல்லக் கூடாதா?" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். புட்டியைத் திறந்து தன் கட்டைவிரல் நகத்தில் மட்டும் ஒரு கோடு இழுத்துக்கொண்டு, மிச்சத்தை என்னிடம் கொடுத்தாள்.

பூசுவதற்கு முன் எல்லாவற்றையும் சோதித்தேன். சூட்டு சென்சாரை அடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் விட்டேன். கம்பி வைத்த வட்டத்தைப் பக்கெட்டில் முழுக்க முக்கினேன். 'தண்ணி இருக்கு' என்று வந்தது. எடுத்தேன், அடுப்பு ஓரத்தில் காயவைத்தேன், 'நில்லும்மா' என்று வந்தது. இரண்டும் சரி. நன்றாகக் காய்ந்ததும் வட்டத்தின் மேல்பக்கம் முழுக்கச் சிவப்பு பூசினேன். ஒரு கோட், அது காய்ந்ததும் இன்னொரு கோட். பார்க்கப் பெரிய பொட்டுபோல் இருந்தது.

தை மாதம் உப்பளம் திறந்தது. முதல் நாள் காலை எல்லோரும் காரில் ஏறியதும் அவள் சாவியைத் திருப்பினாள். செத்த முள்களுக்கு நடுவில் அந்தச் சின்னக் கண்ணாடி நீலமாக விழித்தது. 'சூடு 24. தண்ணி இருக்கு.' பெண்கள் பின்னாலிருந்து ஒருவர் தோள் மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். மணி அடிப்பதைக் காட்டு என்று கேட்டார்கள். நான் வயரைப் பிடுங்கிக் காட்டினேன். முன் சீட்டு அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார். "நில்... லும்... மா."

கார் சிரிப்பில் குலுங்கியது.

"அடியே! வீட்ல பேசாத மனுசன் கண்ணாடிக்குள்ள பூந்து கொஞ்சறாரே! நாங்கள்லாம் எறங்கிக்கட்டுமா?"

நான் இறங்கி நடந்தே வேலைக்குப் போனேன். ஆனால் அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம். ஒருநாள் காலை கொட்டகை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு வானத்துக்கு நடுவில் கார் வருகிறது. பாதி வழியில் நின்றது. கதவு திறந்தது. அவள் இறங்கி பானெட்டின் மேல் கையை வைத்தாள். உள்ளங்கை, பிறகு புறங்கை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பாள். ஆனால் அதற்குப் பிறகு வீட்டில் மீட்டரைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்துபோய்விடுவேன். ஒரு மழைக்காலம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரைந்தேன். அவள் என் எழுத்தைப் படித்துவிட்டு, நம்பாமல் இறங்கித் தொட்டுப் பார்க்கிறாள். சில நாள் இஞ்சின் கொட்டகையின் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொள்வேன், அந்தச் சாலை கண்ணில் படக் கூடாது என்று. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பங்குனியில் காற்று தெற்குக்குத் திரும்பி, கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வரத் தொடங்கியது. ஒரு பிரதோஷத்துக்குப் பெண்கள் இரும்பை என்ற ஊரின் சிவன் கோயிலுக்குப் போகக் கிளம்பினார்கள். அன்று எனக்கும் வேலை இல்லாததால் கூடப் போனேன், பின் சீட்டில் ஓரமாக. கால்களுக்கு நடுவில் ஒரு பெரிய தண்ணீர் கேன். எங்கள் ஊர்த் தண்ணீர் கரிக்கும். அதைச் சாமி தலையில் ஊற்ற எங்கள் பெண்களுக்கு மனசு வராது. அபிஷேகத்துக்கு என்று கேன் தண்ணீர் வாங்கிப்போவார்கள்.

சவுக்குத் தோப்புகள் வரும் இடம். ஒரு பக்கம் நிழல், ஒரு பக்கம் வெயில் என்று மாறி மாறிக் காருக்குள் விழுந்துகொண்டிருந்தது. எனக்குப் பாதித் தூக்கம். சீட்டுகளுக்கு இடையில் என் திரை தெரிந்தது. 'சூடு 61. தண்ணி இருக்கு.' அதைப் பார்த்துக்கொண்டே கண் செருகியது. கார் நின்றது. அவள் கதவைத் திறந்தாள்.

"இன்னா, எறங்கறே?" என்றேன். எல்லோர் முன்னாலும் நான் அவளிடம் கேள்வி கேட்டதே புதிது.

"தொட்டுப் பாத்துட்டு வர்றேன்."

"அதான் காட்டுதே. அறுபத்தொண்ணு. தண்ணி இருக்குது."

"காட்டட்டும். நானும் பாக்கறேன்."

"எதுக்கு? அப்புறம் அது எதுக்கு அங்க?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அவள் முன்னால் போனாள். கையை வைத்தாள். வைத்த வேகத்தில் "ஸ்ஸ்" என்று எடுத்தாள். உள்ளங்கையை உதறிக்கொண்டு காரின் முன்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

நான் இறங்கி ஓடினேன். பானெட்டைத் தூக்கினால் அனல் முகத்தில் அடித்தது. கீழ்க் குழாயின் வளையம் துருவால் அறுந்து, வழியெல்லாம் தண்ணீர் ஒழுகிக் கடைசிச் சொட்டும் போயிருந்தது. திரையைப் பார்த்தேன். 'தண்ணி இருக்கு' என்று நீலமாக, அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் தண்ணிய ஊத்துங்கப்பா, பிரதோஷம் முடிஞ்சிடும்" என்று யாரோ கேனைத் தூக்கினார்கள்.

"இப்ப ஊத்தக் கூடாது!" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "இரும்பு வெடிச்சிடும். ஆறட்டும். யாரும் தொடாதீங்க."

அவர்கள் கேனைக் கீழே வைத்துவிட்டார்கள். எல்லோரும் சவுக்கு நிழலில் உட்கார்ந்தோம். சவுக்கு ஊசிகளில் காற்று நுழைந்து தூரத்துக் கடல் மாதிரி சத்தம் போட்டது. அவள் சற்றுத் தள்ளி ஒரு பூவரச மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மெக்கானிக்கிடமிருந்து வந்தபோது பார்த்த அதே பார்வை. சாலையோர வீட்டிலிருந்து ஒரு பெண் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் மனைவி ஒரு விரலைக் குடத்தில் விட்டு நாக்கில் வைத்தாள்.

"கரிக்குதும்மா. இது வேணாம்" என்று பணிவாகச் சொன்னாள்.

அவள் விரலை நாக்கில் வைத்ததைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ நகர்ந்தது. எழுந்து போய், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, கம்பி வைத்த வட்டத்தைக் கழற்றினேன். ஆறவைத்து, சிவப்புப் பூச்சின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். கீழே ஈரமாக, வெள்ளையாக ஒரு படலம். நாக்கில் வைத்தேன்.

உப்பு.

எங்கள் வீட்டுப் பக்கெட்டில்தான் அதை முக்கிச் சோதித்தேன். எங்கள் போர் தண்ணீரில். காய்ந்தது என்று நினைத்தேன். தண்ணீர்தான் காய்ந்தது, உப்பு அங்கேயே இருந்தது. அதன் மேல் இரண்டு கோட் பூசி உப்பைப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டேன். தெற்குக் காற்றின் ஈரத்தை அது குடித்து, இரண்டு கம்பிக்கும் நடுவில் மின்சாரம் தாண்ட ஒரு வரப்புக் கட்டிவிட்டது. ரேடியேட்டர் காலியானாலும் 'தண்ணி இருக்கு' என்று சொல்லும். சூட்டு சென்சாரும் அப்படித்தான், தண்ணீர் தொட்டால்தான் அதற்குச் சூடு தெரியும். வெறும் குழாயில் அது சுகமாக இருந்தது. ஆயுள் முழுக்க உப்பில் வேலை பார்த்தவன், வீட்டுத் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்பதையே மறந்துவிட்டேன். வெளியூர்க்காரன் ஒருவன் இதைச் செய்திருந்தால் முதலில் அதைத்தான் யோசித்திருப்பான்.

அவளிடம் போய்க் கையில் வைத்துக் காட்டினேன். "என் தப்பு" என்றேன். "உப்பு மேல பாலிஷ் அடிச்சிட்டேன்."

அவளும் தொட்டு நாக்கில் வைத்தாள். தலையாட்டினாள்.

"தெனமும் எறங்கித் தொடறியே, ஏன்?" என்றேன். அதைக் கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"நீங்க எழுதினத நம்பாம இல்லீங்க. அந்தக் கண்ணாடி எங்கியோ ஒரு கம்பியப் பாத்துச் சொல்லுது. எனக்கு வண்டியத் தொட்டாத்தான் வண்டி ஓட்ற மாதிரி இருக்குது." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க கொட்டாய் பின்னால போய் உக்காந்துக்கறதும் எனக்குத் தெரியும்."

இஞ்சின் ஆறியதும், வண்டியில் கிடந்த பழைய சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டிக் குழாயை இறுக்கக் கட்டினேன். தண்ணீர்தான் இல்லை. எல்லோரும் கேனைப் பார்த்தார்கள். பிறகு முன் சீட்டு அக்காவைப் பார்த்தார்கள்.

"இன்னா என்னியப் பாக்கறீங்க? ஊத்துங்க. ஈசுவரனுக்குப் பாதி, இஞ்சினுக்குப் பாதி. அவரும் சூடு தாங்காமத்தான தலையில தண்ணி வெச்சிருக்காரு, கோச்சிக்க மாட்டாரு."

நான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். இஞ்சின் முனகியது, குளிர்ந்தது. அவள் சாவியைத் திருப்பும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிடித்துக்கொண்டது. சத்தத்தைக் கேட்டேன். இஞ்சின் பார்ப்பவனுக்குச் சத்தம் போதும். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் இரண்டு மைல் போயிருந்தால் அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கமாட்டேன். அவள் ஒரு கணம் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்தாள். பிறகு ஹாரன் அடித்து எல்லோரையும் ஏறச் சொன்னாள். இரும்பைக்குப் போய்ச் சேர்ந்தபோது தீபம் காட்டி முடித்திருந்தார்கள்.

மறு வாரம் எல்லாவற்றையும் கழற்றிச் செய்தேன். வட்டத்தைக் கேன் தண்ணீரில் கழுவி, திரும்பக் கழுவி, நாக்கில் வைத்துப் பார்த்து, பிறகுதான் பாலிஷ் அடித்தேன். சூட்டு சென்சாரைக் குழாயிலிருந்து எடுத்து இஞ்சினின் இரும்பிலேயே பதித்தேன். தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரும்பின் சூடு இரும்பின் சூடுதான். பிறகு கட்டம் போட்ட நோட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"கைய இதுல வை."

"எதுக்கு?"

"வையேன்."

வைத்தாள். கட்டைவிரல் நகத்தில், இந்தத் தடவையும் புட்டியைத் திறந்து அவள் இழுத்துக்கொண்ட சிவப்புக் கோடு இருந்தது. பென்சிலால் விரல் விரலாகச் சுற்றிக் கோடு இழுத்தேன். அவள் கூசுகிறது என்று சிரித்தாள், கையை எடுக்கவில்லை. பாய் அதைச் சின்னதாக்கித் திரைக்குள் ஏற்றிக் கொடுத்தார். அவர் அன்று கிண்டல் ஒன்றும் செய்யவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது கொஞ்ச தூரம் ஓடியதும் திரையில் எண்கள் எல்லாம் அணைந்துவிடும். நீலத்தில் ஒரு கை மட்டும் எரியும். அவள் இறங்கி, தொட்டுவிட்டு வந்து, பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் அது அணையும்.

நான் கொட்டகையின் முன்பக்கமே உட்காருகிறேன். நேற்றுக் காலையும் பாத்திகளில் தண்ணீர் அசையாமல் நின்றது. கார் மிதந்து வந்து பாதி வழியில் நின்றது. அவள் இறங்கிக் கையை வைத்தாள். உள்ளங்கை, பிறகு புறங்கை. ஏறுவதற்கு முன் அந்தக் கையைக் கொட்டகைப் பக்கம் தூக்கிக் காட்டினாள். நானும் என் கையைத் தூக்கினேன். காருக்குள்ளிருந்து முன் சீட்டு அக்கா என்னவோ கத்துவது தண்ணீரின் மேல் வந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை, எல்லோரும் சிரிப்பது மட்டும் கேட்டது.